புளியமரத்துக்கு நம்பர் போட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சாலைப் பொறியாளர் அவர்களுக்கும், டேப் பிடித்தவருக்கும், பெயிண்ட் டப்பா தூக்கி வந்தவருக்கும்,

வணக்கம். உங்கள் யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது. நீங்கள் வந்துபோன அன்று நான் ஊரில் இல்லை, ஓசூரில் வேலையில் இருந்தேன். போன மாதம் ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது அந்த மஞ்சள் கட்டம்தான். ஆள் நெஞ்சு உயரத்தில் பட்டையைக் கொஞ்சம் செதுக்கிவிட்டு, மஞ்சள் அடித்து, அதன்மேல் சிவப்பில் 47 என்று எழுதியிருந்தீர்கள். எழுத்து அழகாகத்தான் இருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்தில் 46, அந்தப் பக்கம் 48. அப்படியே நடந்துபோய் எண்ணிப் பார்த்தேன். எங்கள் ஊர் எல்லைக்குள் 31 முதல் 68 வரை, ஆக 38 மரம். அத்தனையும் புளி. ரோட்டை அகலப்படுத்த வெட்டப்போகிற மரங்களாம்.

தர்மபுரிப் பக்கத்து ஆள் நான். எங்கள் பக்கம் புளி என்றால் மரம் மட்டும் கிடையாது, அது ஒரு வருமானம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மரத்தைப் பற்றி யாராவது எழுதினாலே "ஐயோ பாவம், பறவைகள், பசுமை" என்று ஆரம்பித்துவிடுவார்கள், நீங்களும் பாதியிலேயே மூடி வைத்துவிடுவீர்கள். பறவையும் வரும், கடைசியில். முதலில் காசு.

அந்த மரங்களுக்கு நீங்கள் போட்டது முதல் நம்பர் இல்லை. 47-இன் பின்பக்கம் போய்ப் பாருங்கள், கறுப்புத் தாரில் ஒரு பழைய நம்பர் பாதி அழிந்து கிடக்கும். அது மகசூல் ஏலத்துக்குப் போட்டது. வருசா வருசம் சாலையோர மரங்களை ஏலம் விடுவார்கள், எடுத்தவர் மாசி பங்குனியில் ஆள் வைத்து உலுக்குவார். கிளைமேல் ஒருத்தர் ஏறி நின்று காலாலேயே உதைப்பார், எட்டாத இடத்துக்குத் தொரட்டி. கீழே தார் ரோட்டில் படபடவென்று பழம் விழும் சத்தம் கல்மழை மாதிரி இருக்கும். பஸ் வந்தால் ஒருவர் சிவப்புத் துண்டை ஆட்டி நிறுத்துவார், அதற்குள் பெண்கள் நாலு பேர் ஓடி வழியைக் கூட்டிவிடுவார்கள். டிரைவர்களும் திட்டியதில்லை. ஜன்னல் வழியாக யாராவது கை நீட்டினால் இரண்டு பழம் கிடைக்கும்.

அந்த நாலு பேரில் ஒருத்தி என் அம்மா. உலுக்குகிற வேலை முடிந்ததும் புளி தட்டுகிற வேலை. எங்கள் வீட்டுத் திண்ணையில் மூட்டையாக வந்து இறங்கும். ஆயா, அம்மா, பக்கத்து வீட்டு அத்தை, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு நான். ஓட்டை உடைத்து, நாரை ஒரே இழுப்பில் உரித்து, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிக் கொட்டையைப் பிதுக்கி எடுக்க வேண்டும். கிலோ கணக்கில் கூலி. ஆயா கண்ணை மூடிக்கொண்டே செய்வாள், எனக்குத்தான் விரல் நகத்துக்கடியில் நார் குத்தி, அதில் புளிச்சாறு பட்டு, ராத்திரி சோற்றில் கை வைக்க முடியாது. பங்குனி முழுக்க எங்கள் வீட்டுப் பெண்களின் கைகள் ஒரே நிறத்தில் இருக்கும். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு நான் படித்ததும் அந்தத் திண்ணையில் ஓட்டுக்குவியலுக்கு நடுவில்தான், டியூஷன் பீஸ் கட்டியதும் அந்தக் கூலியில்தான். கொட்டையையும் வீசமாட்டோம், அதற்குத் தனி வியாபாரி வருவார். புளியங்கொட்டைப் பருப்பை அரைத்து நூலுக்குக் கஞ்சி போடுகிறார்கள் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை அது பல்லாங்குழி ஆடவும், ஒரு பக்கம் கல்லில் தேய்த்துத் தாயம் உருட்டவும், வறுத்து ஊறவைத்து மழைநாளில் மெல்லவும் ஆன சாமான் என்றே நினைத்திருந்தேன்.

உங்கள் அறிக்கையில் இந்த 38 மரங்களுக்கும் ஒரு மதிப்பு போட்டிருப்பீர்கள். விறகுக்கு இவ்வளவு, அடிமரத்துக்கு இவ்வளவு என்று. நெஞ்சு உயரத்தில் சுற்றளவு எடுப்பீர்கள், அதாவது தரையிலிருந்து 1.37 மீட்டரில். நானும் எடுத்தேன். அம்மாவின் தையல் டேப் ஒன்றரை மீட்டர்தான், மூன்று முறை நகர்த்த வேண்டியிருந்தது. 47-இன் சுற்றளவு 4 மீட்டரும் பத்து சென்டிமீட்டரும். டேப் பிடித்த இடத்தில் பட்டையில் ஆணிகள் தட்டுப்பட்டன. எண்ணினேன், பதினாறு. மூலம் பௌத்திரம் போர்டு, ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டு, ரியல் எஸ்டேட் போர்டு எல்லாம் போயாயிற்று, ஆணி மட்டும் துருப்பிடித்து உள்ளேயே இருக்கிறது. ஓர் ஆணியைச் சுற்றி மரம் உதடு மாதிரி மூடிக்கொண்டிருக்கிறது.

இந்த மூன்றும், 46, 47, 48, சேர்ந்துதான் எங்கள் ஸ்டாப்புக்கே பெயர். டிக்கெட்டில் வேறு என்னவோ அச்சாகியிருக்கும், ஆனால் கண்டக்டர் "மூணுபுளி எல்லாம் முன்னாடி வா" என்றுதான் கூப்பிடுவார். தமிழ்நாட்டு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: புளியங்குடி, புளியரை, புஞ்சைப் புளியம்பட்டி, சென்னைக்குள்ளேயே புளியந்தோப்பு. தோப்பு போன பிறகும் பெயர் மட்டும் நிற்கிற ஊர்களில் நாங்களும் சேரப்போகிறோம் என்று நினைக்கும்போது கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கிறது, வயிற்றெரிச்சலாகவும் இருக்கிறது.

சரி, உங்கள் பக்கத்து நியாயத்தையும் பேசிவிடலாம். ரோடு வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை நான். ஆயாவுக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி, முன்னால் போன கரும்பு லாரியை முந்த இடமில்லாமல் ஆம்புலன்ஸ் ஊர்ந்துகொண்டே போனது இந்த ரோட்டில்தான், உள்ளே உட்கார்ந்திருந்தது நான். என் சித்தப்பா ஒருமுறை அமாவாசை இருட்டில் டிவிஎஸ் 50-ஐக் கொண்டுபோய் 59-இல் மோதினார், இன்றைக்கும் இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பார். "மரமா ரோட்டுக்கு வந்தது? நான்தான் மரத்துகிட்டப் போனேன்" என்பார். அவர் அன்றைக்கு எங்கே போய்விட்டு வந்தார் என்பதை ஊரே அறியும், இங்கே எழுதினால் சித்தி என்னைச் சும்மா விடமாட்டாள். ஆனாலும் பேப்பரில் "புளியமரத்தில் கார் மோதி" என்று தொடங்கும் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கும் நெஞ்சு ஒரு நிமிடம் நின்றுதான் ஓடும். அதனால் மரம்தான் முக்கியம், மனுசன் அப்புறம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

என் கேள்வி வேறு. இரண்டு பக்கமும் சமமாக அகலப்படுத்தத்தான் வேண்டுமா? எங்கள் ஊரில் ரோட்டுக்கு மேற்கே புறம்போக்கு, அதில் சீமைக்கருவேலம் தவிர ஒன்றும் கிடையாது. 38-இல் 29 மரம் கிழக்கு வரிசையில் நிற்கிறது. அகலப்படுத்துவதை மேற்குப் பக்கமாகவே செய்தால் அந்த 29-ம் அப்படியே இருக்கும். இல்லை, எதிர்த்திசைக்குப் புது வழியைக் கிழக்கு வரிசைக்கு அந்தப் பக்கம் போட்டு, மரங்களை நடுவில் விட்டு, இரண்டு ஓரமும் தடுப்புக் கம்பி போட்டுவிடலாம். நான் பொறியியல் படித்தவள் இல்லை, கணக்கு எழுதுகிறவள். ஒரு பக்கமாக அகலப்படுத்துவது உங்கள் துறையில் செய்யாத காரியம் ஒன்றும் இல்லை என்பது மட்டும் தெரியும். இங்கே ஏன் செய்யவில்லை என்பதற்கு ஒரு பதில் இருக்கும் என்றால் அதை ஊருக்கு வந்து சொல்லுங்கள். எங்களிடம் கேட்காமலே பெயிண்ட் அடித்துவிட்டுப் போனதுதான் வருத்தம்.

சேலம் போகும் நாலுவழிச் சாலையில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். வேகமாகப் போகலாம், நல்ல ரோடு. நடுவில் வரிசையாக அரளி, வெள்ளையும் சிவப்புமாகப் பூத்திருக்கும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வண்டி பஞ்சரானால் நிற்க ஓர் இடம் கிடையாது. ஒருமுறை சித்திரை மாதம், மதியம் இரண்டு மணி, நாங்கள் நாலு பேர் ஒரு பெயர்ப்பலகையின் நிழலில் வரிசையாக நின்றிருந்தோம். நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்தோம்.

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் ஒரே பதிலை எழுதியிருப்போம், நீங்களும் எழுதியிருப்பீர்கள்: அசோகர் சாலையோரங்களில் மரங்களை நட்டார். இப்போது அது ஒரு கேலிப்பேச்சாகவே ஆகிவிட்டது. ஆனால் அந்த மனுசன் அதைக் கல்தூணில் வெட்டி வைத்திருக்கிறார், மாடுகளுக்கும் ஆட்களுக்கும் நிழல் தர ஆலமரம் நட்டேன் என்று. மாட்டை முதலில் சொல்கிறார், அது எனக்குப் பிடிக்கும். மதுரைப் பக்கம் போனால் ராணி மங்கம்மாளின் பெயரை இன்னும் சில பழைய சாலைகளுக்குச் சொல்கிறார்கள், முந்நூறு வருடத்துக்கு முன்னால் சத்திரமும் சாலையும் மரமும் சேர்த்தே வைத்த அம்மா அவள். அந்தக் காலத்தில் ரோடு போடுவது என்றால் மரம் வைப்பதும் அதிலேயே சேர்த்தி. நடக்கிறவர்களுக்கும் வண்டி மாட்டுக்கும் போட்டது அது. எங்கள் ரோட்டில் இன்னும் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது உங்கள் டிராபிக் சர்வேயில் வந்ததா தெரியவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள், ரேஷன் கடைக்குப் போகிறவர்கள், ஆடு ஓட்டுகிறவர்கள்.

கர்நாடகத்து சாலுமரத திம்மக்காவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிள்ளை இல்லாத குறைக்கு, ஹுலிகலுக்கும் குதூருக்கும் இடையே ரோட்டோரம் ஆலங்கன்றுகளை நட்டு, கணவரோடு சேர்ந்து குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தவர். 385 மரம் என்பது கணக்கு. 2019-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதே வருடம் அந்த ரோட்டையும் அகலப்படுத்தும் திட்டம் வந்தது. அந்தத் தள்ளாத வயதில் அவரே போய் முதலமைச்சரிடம் முறையிட வேண்டியிருந்தது, மரங்களை விட்டுவிடுவதாக அப்போது வாக்குக் கொடுத்தார்கள். 2025 நவம்பரில் அவர் காலமானார். அவ்வளவு பெரிய பெயர் இருந்த மரங்களுக்கே அந்த நிலைமை. எங்கள் மரங்களை நட்டது யார் என்றே தெரியாது. வெள்ளைக்காரன் காலம் என்பார்கள், அவ்வளவுதான்.

ஆலமரத்துக்கும் அரசமரத்துக்கும் சாமி துணை உண்டு, ஒரு மஞ்சள் துணியைக் கட்டிவிட்டால் கோடாலி கொஞ்சம் யோசிக்கும். புளிக்குப் பேய் மட்டும்தான் துணை. ராத்திரி புளியமரத்தடியில் படுக்காதே, முனி அடிக்கும் என்று ஆயா சொல்லாத நாள் இல்லை. பேய் பிடித்த மரம் என்பதாலேயே இதற்காக யாரும் போராட வரமாட்டார்கள் போல. ஆனால் அப்படியே விட்டுவிடவும் முடியாது. ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் உட்கார்ந்திருந்த மரமே புளிதான், உறங்காப்புளி. சாதாரணப் புளி பொழுது சாய்ந்தால் இலையை மூடிக்கொள்ளும், அது மூடாது என்பார்கள். ஐதராபாத்தில் உஸ்மானியா பொது மருத்துவமனை வளாகத்தில் ஒரு புளியமரம் நிற்கிறது. 1908 செப்டம்பரில் மூசி ஆறு பெருகி ஊரையே அடித்துக்கொண்டு போனபோது சுமார் 150 பேர் அதன்மேல் ஏறி உயிர் தப்பினார்கள். இந்தியாவில் முதன்முதலாகப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று 2007-இல் அறிவித்தது எதை என்று நினைக்கிறீர்கள்? பெங்களூர் பக்கம் தேவனஹள்ளியை அடுத்த நல்லூர் புளியந்தோப்பை. எங்கள் ஊரிலிருந்து காரில் மூணு மணி நேரச் சொச்சம். அங்கே இருக்கிற புளிக்குச் சுற்றி வேலி போட்டுப் பலகை வைக்கிறார்கள், இங்கே இருக்கிற புளிக்கு மஞ்சள் பெயிண்ட்.

எங்களுக்கு என்ன பிரச்சினை, ஒன்றுக்குப் பத்தாக நட்டுத் தருகிறார்களே என்று ஊரிலேயே சிலர் கேட்கிறார்கள். நடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் போன தடவை பக்கத்து ஊர் ரோட்டில் நட்டதைப் பார்த்தேன். ஜூன் 5-ஆம் தேதி, உலகச் சுற்றுச்சூழல் தினம், சரியான வைகாசி வெயில். அரையடிக் குழி. மின்கம்பிக்கு நேர் கீழே, அதாவது பிழைத்து வளர்ந்தாலும் தலையை வெட்டித்தான் ஆக வேண்டும். சுற்றி இரும்புக் கூண்டு, கூண்டில் கன்றைவிடப் பெரிதாக உபயதாரர் பெயர். அடுத்த வருடமும் அதே குழியில் அதே விழா. கூண்டும் பெயரும் இன்னும் திடமாக இருக்கின்றன, உள்ளே ஒரு தண்ணீர் பாட்டிலும் கொஞ்சம் நெருஞ்சியும். நடுவதானால் புரட்டாசி ஐப்பசி மழையில் நடுங்கள், இதே ரோட்டில் நடுங்கள், மூன்று கோடைக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு நடுங்கள். என் அம்மாவிடம் கேட்டால் ஊற்றுவாள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களைக் கேளுங்கள், அவர்களும் ஊற்றுவார்கள். புளியே வைப்பதென்றால் பெரியகுளத்தில் வெளியிட்ட பி.கே.எம் 1 என்ற ரகத்து ஒட்டுக்கன்று சில வருடத்திலேயே காய்க்கும். புங்கமும் நாவலும் பூவரசும் வையுங்கள். தயவுசெய்து மறுபடியும் மயில்கொன்றையை மட்டும் வரிசையாக வைத்துவிட்டுப் போகாதீர்கள். பூ அழகுதான், ஒரு பெருங்காற்றுக்கு நிற்காது.

இன்னொன்று, இதுதான் எனக்கு ரொம்பப் பயம். சில நேரம் மரத்தை விட்டுவிடுகிறோம் என்பீர்கள், விட்டும் விடுவீர்கள். அப்புறம் அடிமரம் வரைக்கும் தார் வரும், இன்னொரு பக்கம் கால்வாய்க்கு ஜேசிபி தோண்டும், அதில் பாதி வேர் போகும். பார்க்க மரம் அப்படியே நிற்கும். இரண்டு வருடம் கழித்து ஒரு மழைக்காற்றில் சாயும், கீழே யாராவது மாட்டிக்கொள்வார்கள், உடனே "பார்த்தீர்களா, பழைய மரம், ஆபத்து" என்று மீதி இருப்பதற்கும் நம்பர் விழும். 52-க்கும் 53-க்கும் நடுவில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறதே, அங்கே இரண்டு மரம் இருந்தது. குழாய் பதிக்கத் தோண்டிய அடுத்த மழைக்கு ஒன்று, அதற்கடுத்த மழைக்கு இன்னொன்று. நல்ல வேளை, கீழே யாரும் இல்லை. கீழே கட்டியிருந்த ஓர் ஆடு போயிற்று. விட்டால் வேரோடு விடுங்கள்.

பறவையைச் சொல்கிறேன் என்றேன். 61-இல் ஒரு பொந்து இருக்கிறது, ஆந்தை. சாயங்காலம் ஆறரைக்கு மேல் தலையை நீட்டி ரோட்டைப் பார்க்கும், லைட் பட்டால் உள்ளே போய்விடும். ஆயா அதைப் பார்த்தால் துப்புவாள், அபசகுனமாம். ஆனால் யாராவது கல்லெறிந்தால் அவர்களையும் திட்டுவாள். நானும் தம்பியும் அந்த மரத்தடியில்தான் விடியற்காலையில் புளியங்கொழுந்து பறிப்போம், உப்பும் மிளகாய்த்தூளும் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு. உதைப்பழம் என்று ஒன்று உண்டு, காயுமில்லாமல் பழமுமில்லாமல், ஓடு லேசாக விட்டுக்கொடுக்கிற பதம். அதை ஓடு உடையாமல் பிரித்தெடுப்பதில் தம்பிக்கு நிகர் கிடையாது. பல் கூசி, அன்றைக்குச் சோறு இறங்காது, வாத்தியாரிடம் அடி வேறு. அடிக்கிற விளாறையும் எங்களையே உடைத்துவரச் சொல்வார், அதுவும் இதே மரத்திலிருந்துதான். தம்பி வேண்டுமென்றே காய்ந்த குச்சியாகப் பார்த்துக் கொண்டுவருவான், முதல் அடியிலேயே உடைந்துவிடும்.

நான் கேட்பது ஒன்றுதான். கோடாலியை அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை நீங்களே வாருங்கள், சித்திரையில், மதியம் பன்னிரண்டரைக்கு. ஜீப்பைப் பள்ளிக்கூடத்தருகே நிறுத்திவிட்டு 31-இலிருந்து 68 வரை நடந்து வாருங்கள், குடை வேண்டாம். 52-க்கும் 53-க்கும் நடுவே எங்கள் ஊரில் எல்லோரும் நடையை எட்டிப்போடுவார்கள், நீங்களும் போடுவீர்கள். 47-க்கு நேர் எதிர் வீடு எங்களுடையது, ஓட்டு வீடு, திண்ணை உண்டு. அம்மா இருப்பாள், மோர் கொடுப்பாள். இந்த வருடத்துப் புளி விலையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள், ஆரம்பித்தால் மூன்று மணி பஸ் போய்விடும்.

இப்படிக்கு,
மூணுபுளி ஸ்டாப்பில் இறங்குகிறவள்